ராமராயரின் உறவினருக்குத் தகவல் சொல்லப்பட்டது

காப்பி அடிக்காமலேயே காப்பி அடித்தவர்களின் பெஞ்சில் உட்கார்ந்தவள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. நாற்பத்து நான்கு வயதில், இஸ்திரி போட்ட காட்டன் புடவையில், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மைசூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் பரீட்சைப் பிரிவு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் கைக்கடிகாரத்துக்குள் சீட்டு மடித்து வைத்து மாட்டிக்கொண்டவர். இன்னொரு பக்கம் என் அப்பா.

கடிகாரக்காரருக்கு முப்பது வயது இருக்கும். சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறாராம். பொழுது போகாமல் என் பக்கம் திரும்பி, "மேடம், உங்களது சீட்டா, மொபைலா?" என்று கன்னடத்தில் விசாரித்தார்.

"கையெழுத்து" என்றேன்.

"ஓ, ஆள் மாறாட்டமா?" என்று சொல்லிவிட்டு மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

இல்லையப்பா, நான் எழுதிய பரீட்சைதான், நான் போட்ட கையெழுத்துதான், பிரச்சினையே அதுதான் என்று அவருக்கு விளக்க எனக்குத் தெம்பு இல்லை. (அந்த வருஷம் எனக்கு எதற்குமே தெம்பு இல்லை. தலைவலி வந்தால்கூட மாத்திரை எடுக்க எழுந்து போகவேண்டுமே என்று வலியோடேயே இருந்துவிடுவேன்.) ஆனால் உங்களுக்கு விளக்கித்தான் ஆகவேண்டும்.

நான் நர்ஸ். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்து அப்போதே இருபத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எம்.ஏ. சரித்திரம் படிக்கவேண்டும் என்பது பதினெட்டு வயதில் வந்த ஆசை. பி.யு.சி.யில் சரித்திரத்தில் நான்தான் முதல். மார்க் ஷீட்டைக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டி, பி.ஏ. சேர்த்துவிடுங்கள் என்றேன். அப்பா தபால் ஆபீஸ் கிளார்க். எனக்குக் கீழே தங்கையும் தம்பியும். அவர் மார்க் ஷீட்டை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "செத்த ராஜாவைப் பத்திப் படிச்சா யாரும் சம்பளம் தரமாட்டாங்க. சாகக் கிடக்கிறவங்களைப் பார்த்துக்கிட்டா தருவாங்க."

மூன்று நாள் அழுதேன். நான்காம் நாள் நர்சிங் ஸ்கூலுக்கு வெள்ளை யூனிபாரம் தைக்கக் கொடுத்தார்கள். அப்பா சொன்னது சரிதான். என் சம்பளத்தில்தான் தங்கை படித்தாள், தம்பி படித்தான், வீட்டுக்குக் கூரை மாறியது. அவர் சொன்னது சரியாகப் போய்விட்டதே என்பதுதான் எனக்குக் கோபம். தப்பாகப் போயிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.

வேலையில் சேர்ந்த முதல் மாதமே என்னைக் கெடுத்தவர் கமலாட்சி சிஸ்டர். எங்கள் வார்டு இன்சார்ஜ். குரல் சின்னது, ஆனால் வார்டின் மறுகோடியில் டிரிப் பாட்டில் தானாக நேராகும். அவர் எங்களுக்கு மூன்றே வேதம் சொல்லிக் கொடுத்தார். எழுதாதது நடக்காதது. மணி போடாதது ரெண்டுங்கெட்டான். கையெழுத்து இல்லாதது பொய். ஒரு ஊசி போட்டாலும், ஒரு டம்ளர் கஞ்சி கொடுத்தாலும், நோயாளியின் கேஸ் ஷீட்டில் மணி போட்டு எழுதி, கீழே பேரும் பணியாளர் எண்ணும் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அதற்கும் கீழே காலி இடம் இருந்தால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். "இல்லேன்னா பின்னாடி யாராவது வந்து ஒரு வரி செருகிடுவாங்க. கோர்ட்டுல கைகட்டி நிக்கிறது நீதான்" என்பார்.

நான் கோர்ட்டுக்குப் பயந்தவள். இருபத்து இரண்டு வருஷத்தில் அந்தப் பயம் கைக்குள் இறங்கிவிட்டது. மகள் அனிதாவின் ஸ்கூல் டைரியில் "ஜுரம், காலை 6.20, ஸ்டெல்லா" என்று எழுதிக் கோடு இழுத்திருக்கிறேன். பிரிட்ஜில் இருக்கும் பாத்திரங்களில் "சாம்பார், மாலை 6.40, ஸ்டெல்லா" என்று பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். கல்யாணமான முதல் வருஷம் என் வீட்டுக்காரர் சேவியருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அட்டை கொடுத்தேன். "என்றும் அன்புடன்" என்பதற்குக் கீழே பேர், தேதி, காலை 7.10. அதற்குக் கீழே அரைப் பக்கம் காலியாக இருந்தது. விடுவேனா? மூலையிலிருந்து மூலைக்குக் கோடு. அந்த அட்டையை அவர் இன்னும் வைத்திருக்கிறார், சாட்சிக்கு.

அனிதா ஹைஸ்கூல் போக ஆரம்பித்ததும் எனக்குப் பழைய பைத்தியம் திரும்ப வந்தது. பி.ஏ.வைத் தபாலில் முடித்தேன். பிறகு எம்.ஏ. (சேவியர் மைசூர் ஹெப்பாளில் ஒரு பேக்டரியில் ஷிப்ட் சூப்பர்வைசர். கம்பெனி பஸ்சில் பக்கத்து சீட்டுக்காரரிடம் "என் சம்சாரம் எம்.ஏ. படிக்கிறா" என்று சொல்லிவிட்டு, "வேற கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்லை" என்று சேர்த்துக்கொள்வாராம்.) டியூட்டி ரூமில் படித்தேன், பஸ்சில் படித்தேன், குக்கர் விசிலுக்கு நடுவில் படித்தேன். மௌரியர்கள் ஒரு விசில், குப்தர்கள் மூன்று விசில். அப்பா எங்களோடுதான் இருக்கிறார். அம்மா போன பிறகு வந்தார். நான் புத்தகத்தை விரித்தால் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடுவார். அதைத் தாண்டி என் படிப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

எல்லாப் பேப்பரும் முடிந்து ஒரே ஒரு பேப்பர் மட்டும் என் உயிரை வாங்கியது. ஒரு தடவை அனிதாவுக்கு டெங்கு. ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு ஆய்வுக்காரர்கள் வருகிறார்கள், லீவு கிடையாது. ஒரு தடவை போய் எழுதி, நியாயமாக ஃபெயிலானேன். அதற்குள் எம்.ஏ.வுக்குக் கொடுத்த வருஷங்கள் தீர்ந்துபோயின. இந்தத் தடவை விட்டால் பதிவே காலாவதி, பாஸான பேப்பர்களும் சேர்ந்து காலாவதி என்று கடிதம் வந்தது. மாத்திரைக்குத்தான் தேதி முடியும் என்று நினைத்திருந்தேன். சரித்திரத்துக்கும் முடியுமாம்.

அந்தக் கடைசிப் பரீட்சை மத்தியானம் இரண்டு மணிக்கு. அதற்கு முன் மூன்று நாள் தொடர்ந்து நைட் டியூட்டி. பரவாயில்லை, காலை எட்டுக்கு வீட்டுக்குப் போய் மூன்று மணி நேரம் தூங்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். எட்டு மணிக்கு வரவேண்டியவள் வரவில்லை. அவள் குழந்தைக்கு வாந்தி. அடுத்தவள் வராமல் வார்டை விட்டுப் போகக்கூடாது என்பது கமலாட்சி சிஸ்டரின் வேதத்தில் இல்லை, ஆனால் வேதத்துக்கும் மேலே. பன்னிரண்டரைக்கு ஆள் வந்தாள். ஒரு பன்னைத் தண்ணீரில் நனைத்து விழுங்கிவிட்டு ஆட்டோ பிடித்தேன். பாதி வழியில்தான் ஹால் டிக்கெட் வீட்டில் இருக்கிறது என்று ஞாபகம் வந்தது.

போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. ஏன் என்றால், எடுக்க வேண்டியவர் பரீட்சை ஹால் கேட்டில் நின்றிருந்தார். எழுபத்து மூன்று வயதில் இரண்டு பஸ் மாறி, ஹால் டிக்கெட்டும் இரண்டு பேனாவும் கையில் வைத்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார். "மேஜை மேலேயே இருந்துச்சு" என்றார். பிறகு, "எழுதுறதைத் தெளிவா எழுது" என்றார்.

எழுதினேன். அவ்வளவு தெளிவாக எழுதியிருக்க வேண்டியதில்லை.

முதல் மூன்று கேள்விகளை மனுஷியாகத்தான் எழுதினேன். காரணங்கள், விளைவுகள், முடிவுரை எல்லாம் அததற்கு இடத்தில் இருந்தன. நான்காவது கேள்வி, தலைக்கோட்டைப் போரின் போக்கையும் விளைவுகளையும் ஆராய்க. விஜயநகரம் எப்படி விழுந்தது என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். நிஜத்தில் நாட்டை ஆண்ட கிழவர் ராமராயர் சுல்தான்களிடம் தலையை இழந்தார், தம்பி பொக்கிஷத்தை யானைகளில் ஏற்றிக்கொண்டு பெனுகொண்டாவுக்கு ஓடினார், எல்லாம் எனக்கு மனப்பாடம். அப்போது மணி நாலைத் தொட்டிருக்கும். தலைக்கு மேல் மின்விசிறி எங்கள் வார்டு மின்விசிறி மாதிரியே கிறீச் கிறீச் என்றது. கண்காணிப்பாளர் ஷூ சத்தத்தோடு ரவுண்ட்ஸ் வந்துகொண்டிருந்தார். எல்லாரும் குனிந்த தலை நிமிராமல் அமைதியாக இருந்தார்கள். எனக்கு மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதற்குமேல் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பேனா ஓடியது மட்டும் தெரியும்.

வெளியே வந்ததும் கேட்டில் நின்ற அப்பாவிடம், "நாலாவது கேள்வி மாதிரி நான் ஜென்மத்துல எழுதினதில்லைப்பா" என்றேன். அது சத்தியமான வார்த்தை.

ரிசல்ட் வந்த அன்று என் எண்ணுக்கு நேரே மார்க் இல்லை. "நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது" என்று இருந்தது. பத்து நாள் கழித்துப் பதிவுத் தபால். அப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். (தபால் ஆபீஸ்காரர் அல்லவா, யார் பேருக்கு வந்தாலும் பதிவுத் தபாலை அவர்தான் வாங்குவார்.) பிரிக்காமல் வைத்திருந்தார். சாயங்காலம் எல்லாரும் டீ குடிக்க உட்கார்ந்தபோது அனிதா பிரித்தாள்.

விடைத்தாளுக்குள் தேர்வர் தம் பெயர், எண், கையொப்பம் எதையும் எழுதக்கூடாது என்பது விதி. நான் எழுதியிருக்கிறேனாம். இது திருத்துபவருக்குக் காட்டும் சங்கேதம் என்று கருத இடமுண்டாம். முறைகேடு விசாரணைக் குழு முன்பு ஆஜராக வேண்டுமாம். தவறு நிரூபணமானால் பரீட்சை ரத்து. எனக்கு ரத்து என்றால் அந்த ஒரு பேப்பரோடு நிற்காது, எம்.ஏ.வே போச்சு. ஆதாரமாக ஒரு பக்கத்தின் நகலை இணைத்திருந்தார்கள்.

அனிதா அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படித்தாள். நான் எழுதியது இங்கிலீஷில். தமிழில் தருகிறேன், ஒரு எழுத்தும் கூட்டவில்லை.

"காலை 8.00. திரு. ராமராயர், ஆண், மிகவும் வயதானவர். சுயநினைவோடு இருக்கிறார். ஓய்வெடுக்கும்படி சொல்லப்பட்டது, மறுத்துவிட்டார். பல்லக்கில் போர்க்களத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

10.00. சுல்தான்கள் சேர்ந்து வந்து பார்த்தார்கள்.

12.15. நிலைமை திடீரென்று மோசமானது. பல்லக்குத் தூக்கிகள் விட்டுவிட்டு ஓடிவிட்டனர். உடன் இருக்க உறவினர் யாரும் இல்லை.

12.30. தலை எடுக்கப்பட்டது. நாடித்துடிப்பு பார்க்கப்பட்டது, இல்லை. உறவினருக்குத் தகவல் சொல்லப்பட்டது.

1.00. தம்பி திருமலராயர் வந்தார். நகைகள், பொருட்கள் சரிபார்த்து யானைகளோடு உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டன. கையெழுத்து வாங்கப்பட்டது. எங்கள் ஆலோசனையை மீறிப் பெனுகொண்டாவுக்குப் போய்விட்டார்கள்.

பேருக்கு ராஜாவான சதாசிவராயர்: சாப்பிட்டார், தூங்கினார். புகார் ஏதும் இல்லை.

அடுத்த ஷிப்டுக்கு: தலைநகரம் கவலைக்கிடம். தொடர்ந்து கவனிக்கவும்."

கீழே ஸ்டெல்லா, ஸ்டாஃப் நர்ஸ், பணியாளர் எண், மாலை 4.35. அதற்கும் கீழே, பக்கத்தின் கடைசி வரை, குறுக்கே ஒரு கோடு.

சேவியர் டீயை மேஜை மேலேயே துப்பினார். மூச்சு வாங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தலையை எடுத்தப்புறம் நாடி பார்த்தியா ஸ்டெல்லா?" என்றார்.

"பார்க்கணுங்க. அதுதான் விதி" என்று சொல்லிவிட்டு நான் அழ ஆரம்பித்தேன். அனிதா சிரிப்பை அடக்க முடியாமல் பாத்ரூமுக்கு ஓடினாள். அப்பா சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே வரை படித்தார். "கையெழுத்து அழகா இருக்கு" என்றார். பக்கத்தை மடித்து உறைக்குள் வைத்துவிட்டு, "விசாரணைக்கு நானும் வர்றேன்" என்றார்.

வேண்டாம்ப்பா, நாற்பத்து நாலு வயசுல அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போனா சிரிப்பாங்க என்றேன். ஏற்கெனவே சிரிச்சாச்சு என்று சேவியர் சொன்னார். அப்படித்தான் அந்தப் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தோம்.

போவதற்கு முன் கமலாட்சி சிஸ்டரிடமும் சொன்னேன். ரிட்டயராகும் வயதிலும் அவர் முகம் மாறவில்லை. பக்கத்தை வாங்கிப் பார்த்து, "எல்லாம் சரியா இருக்கு. அந்த ராஜாவுக்குக் கடைசியா பி.பி. பார்த்தது எழுதலை" என்று திருப்பிக் கொடுத்தார்.

பேரைக் கூப்பிட்டார்கள். அப்பாவை வராந்தாவிலேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். நீள மேஜைக்குப் பின்னால் நாலு பேர். நடுவில் தலைவர், ரிட்டயர்மென்டை எட்டிக்கொண்டிருக்கும் ஒரு புரொபசர். என்னைவிடக் களைப்பாகத் தெரிந்தார். காலையிலிருந்து சீட்டும் மொபைலும் பார்த்துப் பார்த்து அலுத்த முகம். என் பக்கத்தை எடுத்து, இரண்டு விரலில் பிடித்து ஆட்டி, "ஏனம்மா இது?" என்றார். (கன்னடத்தில் என்னம்மா இது என்று அர்த்தம். தமிழில் ஏனம்மா என்று கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இல்லை.)

"பழக்கம் சார்" என்றேன்.

"பழக்கமா, அடையாளமா? திருத்துறவர் உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்றார் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள்.

"எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாம் பெட்ல இருக்காங்க மேடம். பரீட்சை திருத்துற நிலைமையில யாரும் இல்லை."

"ராமராயர் எந்த வார்டுல இருந்தார்?" என்று இன்னொருவர் கேட்டார். அவர் சிரிக்காமல் கேட்டதால் நானும் சிரிக்கவில்லை.

"ஜெனரல் வார்டு சார்" என்று சொல்லிவிட்டேன். தூக்கம் கெட்டவளிடம் கேள்வி கேட்டால் பதில் வந்துவிடும். நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அவமானத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். மேஜைக்குக் கீழே நாலு ஜோடிக் கால்கள் தெரிந்தன. பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தலைவர் விதியைப் படித்தார். பேர் போட்டது குற்றம், எண் போட்டது குற்றம். காரணம் எதுவானாலும் குற்றம். இதை விட்டால் நாளைக்கு எல்லாரும் தூக்கக் கலக்கம் என்று சொல்லி விடைத்தாளில் கையெழுத்துப் போடுவார்கள் என்றார். அதுவும் நியாயம்தான். எனக்கு வாதாடத் தெம்பில்லை. சரி, போகட்டும், வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. படுக்கை அவ்வளவு ஆசை காட்டியது.

அப்போது பின்னாலிருந்து, "சார்" என்று ஒரு குரல். அப்பா கதவைத் திறந்துகொண்டு நின்றிருந்தார்.

"நீங்க யாரு?"

"அப்பா."

"இவங்களுக்கா?" தலைவர் என் நரைத்த தலையைப் பார்த்தார். "கார்டியன் எல்லாம் வேண்டாம் சார், வெளியில இருங்க."

அப்பா வெளியே போகவில்லை. முப்பத்தைந்து வருஷம் கவுன்டரில் பேசிப் பேசி அவருக்குக் கன்னடம் தமிழைவிடச் சுத்தம். சத்தம் கூட்டாமல் சொன்னார்.

"தப்பு இவ மேல இல்லை சார். சரித்திரம் படிக்கிறேன்னு மூணு நாள் அழுதா. நான்தான் கேட்காம நர்சிங்ல சேர்த்தேன். இருபத்தாறு வருஷமாச்சு. இவ போட்ட கையெழுத்துலதான் என் வீடு நிக்குது. போட்டுப் போட்டுப் பழகின கை, உங்க பேப்பர்லயும் போட்டுடுச்சு. நீங்க நோட்டீஸை என் பேருக்கு அனுப்பியிருக்கணும்."

அந்த மூன்று நாளை அவர் ஞாபகம் வைத்திருக்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவை, சாப்பாட்டு மேஜையில், டி.வி. பார்க்கும்போது, எப்போதாவது என்னிடம் சொல்லியிருக்கலாம். நாலு அந்நியர்கள் முன்னால் போய்ச் சொல்கிறார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பாசமும்தான், அதை ஏன் மறைக்கவேண்டும்.

தலைவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "விளக்கத்தை எழுதிக் கொடுங்கம்மா. பார்க்கலாம்" என்றார்.

மூலையில் இருந்த மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் எழுத்து சரியாகத் தெரியவில்லை. கை அதுபாட்டுக்கு எழுதியது. கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைவர் படித்தார். படித்து முடித்துக் கீழே குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்து மறுபடி படித்தார். பிறகு ஓரத்து அம்மாளிடம் தள்ளினார். அந்த அம்மாளும் படித்துவிட்டு மேஜைக்கு அடியில் குனிந்தார்.

அப்போதுதான் தாளை எட்டிப் பார்த்தேன். நான் எழுதியிருந்தது இதுதான்.

"காலை 11.05. தேர்வர் மூன்று நாள் தொடர்ந்து டியூட்டியில் இருந்தபின் தூங்காமல் பரீட்சை எழுதினார். பேரும் எண்ணும் பழக்கத்தால் எழுதியவை, எவருக்கும் சங்கேதம் அல்ல. குழுவினருக்கு விளக்கப்பட்டது. தேர்வரின் அப்பா உடன் இருக்கிறார், கொஞ்சம் கலங்கியிருக்கிறார், உட்காரச் சொல்ல வேண்டும். தலைவருக்கு இரண்டு கணுக்காலிலும் வீக்கம், செருப்பு வார் பதிந்திருக்கிறது. இன்றே டாக்டரிடம் காட்டும்படி சொல்லப்பட்டது."

கீழே ஸ்டெல்லா, ஸ்டாஃப் நர்ஸ், பணியாளர் எண், 11.20. அதற்குக் கீழே தாளின் கடைசி வரை ஒரு கோடு.

"எங்கிட்ட நீங்க சொல்லலையேம்மா" என்றார் தலைவர்.

செய்யாததைச் செய்ததாக எழுதுவது எங்கள் தொழிலில் மகா பாவம். "இப்ப சொல்றேன் சார். இன்னிக்கே காட்டிடுங்க. உப்பைக் குறைச்சுக்குங்க" என்றேன்.

ராமராயரின் வார்டைக் கேட்டவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் அந்த அம்மாள். தலைவர் சிரிக்கவில்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பழக்கம்தான்னு இனி என்ன நிரூபிக்கணும்? நம்ம கண்ணு முன்னாடியே போட்டிருக்காங்க" என்றார். அப்பாவைப் பார்த்து, "உட்காருங்க சார். எழுதியிருக்கு" என்று நாற்காலியைக் காட்டினார்.

தீர்ப்பு அன்றே சொல்லிவிட்டார்கள். நான்காவது கேள்வி முழுவதும் ரத்து, அதற்கு மார்க் கிடையாது. மற்றக் கேள்விகளைத் திருத்தலாம். எனக்கு எழுத்துமூலம் ஓர் எச்சரிக்கை. அதைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். மணி எழுதப் போன கையை இடது கையால் பிடித்துக்கொண்டேன்.

வெளியே கடிகாரக்காரர் காத்திருந்தார். "என்ன ஆச்சு மேடம்?"

"ஒரு கேள்வி மட்டும் போச்சு."

"பெரிய இடத்துச் சிபாரிசா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

அப்பா வராந்தாவின் கோடியில் குடையைத் தேடிக்கொண்டிருந்தார். "ஆமாம்" என்றேன்.

பஸ்சில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். பேசவேண்டியதை அவர் பேசியாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். அவரை எழுப்பவேண்டாம் என்று நினைத்தபடியே நானும் தூங்கிவிட்டேன். கண்டக்டர் எழுப்பியபோது வீட்டைத் தாண்டி ஹெப்பாளில், சேவியர் பேக்டரி பக்கமே கொண்டுபோய் விட்டிருந்தார்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வந்த சேவியர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "எங்கள் ஆலோசனையை மீறி வந்திருக்கிறார்கள்" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது இன்னும் ஓயவில்லை. மீதிக் கேள்விகளின் தயவில் நான் மூக்கு நுனி தண்ணீருக்கு மேலே இருக்கும்படி பாஸானேன். அது யாருக்கும் ஞாபகம் இல்லை. ராமராயரை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டுவிட்டு என் தம்பி சாய்ந்தால், "சதாசிவராயர்: சாப்பிட்டார், தூங்கினார், புகார் ஏதும் இல்லை" என்று அனிதா அறிவிப்பாள். விருந்திலிருந்து யாராவது சீக்கிரம் கிளம்பினால் பெனுகொண்டாவுக்குப் போகிறார்கள். வருஷங்கள் கழித்துத் தங்கை மகள் கல்யாணத்தில், பெண்ணைக் கூட்டிப்போன மாப்பிள்ளை வீட்டார் வேன் கண்ணுக்கு மறைந்ததும், அழுதுகொண்டிருந்த தங்கையின் காதில் சேவியர், "நகைகள், பொருட்கள் உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டன" என்றார். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, "கையெழுத்து வாங்கினீங்களா மாமா?" என்று கேட்டாள்.

பட்டம் வாங்க வேண்டிய நாளிலும் எனக்கு டியூட்டிதான். அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுத்து அப்பாவை அனுப்பினேன். (அதில் மணியும் கோடும் இருந்தன. யாரும் ஆட்சேபிக்கவில்லை.) சாயங்காலம் கால்களை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பாட்டு மேஜையில் பெரிய பழுப்பு உறை ஒன்று இருந்தது. அப்பா பக்கத்தில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். உறையின் மேல், பார்சல் மேல் எழுதுகிற பழைய குண்டு எழுத்தில் எழுதியிருந்தார்.

"எம்.ஏ. பட்டம், சரித்திரம், ஒன்று. காலை 11.50-க்குப் பெறப்பட்டது. சேதம் இல்லை. பெறவேண்டியவர்: மகள் ஸ்டெல்லா. தாமதம்: இருபத்தாறு வருஷம். தாமதத்துக்குக் காரணம்: அனுப்பியவர்."

'அனுப்பியவர்' என்பதற்கு நேர் கீழே அவருடைய கையெழுத்து.

"வாங்கிக்கிட்டேன்னு போடு" என்று பேனாவை நீட்டினார்.

போட்டேன். ஸ்டெல்லா, மாலை 5.15. அப்பா பேனாவைத் திருப்பி வாங்கி, கையெழுத்துக்குக் கீழே மிச்சம் இருந்த இடத்தில், உறையின் ஓரம் வரைக்கும், மெதுவாக ஒரு கோடு இழுத்தார்.